பல்லக்குச் சுமப்பவர் மகனும் பாரசீகத்து ஆசான்களும்

ஆசிரியப் பணியில் நான் அமர்ந்த தொடக்க ஆண்டுகளில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லிவிட்டு வரலாற்றுக்குள் நுழைகிறேன். ஓதும் பள்ளியின் பின்சுவர் அப்போதுதான் வெள்ளையடிக்கப்பட்டிருந்தது. ஒரு நாள் லுஹர் தொழுகை முடிந்து வந்து பார்த்தபோது, அந்த வெண்சுவரில் அடுப்புக்கரியால் ஒரு குதிரை வரையப்பட்டிருந்தது. முன்கால் இரண்டையும் தூக்கிப் பிடரி சிலிர்க்க நின்ற குதிரை. வரைந்தவன் பத்து வயதுப் பையன். அவனை அழைத்தேன்; கையில் பிரம்பு இருந்தது. பிறகு ஒரு வாளியில் சுண்ணாம்பைக் கரைத்துக் கொடுத்து, மாணவர் அனைவரும் பார்த்திருக்க, அவன் கையாலேயே அந்தக் குதிரையை அழிக்கச் செய்தேன். மார்க்கக் கடமையைச் செவ்வனே செய்துவிட்டதாக அன்றிரவு நிம்மதியாக உறங்கினேன்.

அந்த நிம்மதி பல ஆண்டுகள் நீடித்தது. பின்னர் முகலாயர் கால வரலாற்று நூல்களைப் பயிலும்போது, அதே போன்றதொரு சுவரும், அதே போன்றதொரு சிறுவனும் என் முன்னே வந்து நின்றார்கள். அந்தச் சுவரை நோக்கித்தான் இக்கட்டுரை செல்கிறது. ஆனால் அதற்கு முன், நாடிழந்த மன்னர் ஒருவரைச் சந்திக்க வேண்டும்.

நாடிழந்தவர் தேடிய செல்வம்

பாபரின் மைந்தர் ஹுமாயூன் 1539-இல் சவுசாவிலும், 1540-இல் கன்னோஜிலும் ஷேர் ஷாவிடம் தோற்று, அரியணை இழந்து அலைந்தார். அந்த அலைச்சலின் நடுவே, 1542 அக்டோபரில், சிந்துப் பாலையின் உமர்கோட்டில் அக்பர் பிறந்தார். கைக்குழந்தையைக் கந்தஹாரில் தம் சகோதரர் வசம் விட்டுப் பிரிய நேர்ந்தது. 1544-இல் ஹுமாயூன் ஈரானின் ஷா தஹ்மாஸ்பின் அவையில் அடைக்கலம் புகுந்தார்.

ஷா தஹ்மாஸ்ப் இளமையில் தாமே தூரிகை பிடித்துப் பயின்றவர்; ஷாநாமாவுக்கு அவர் காலத்தில் எழுதப்பெற்ற ஓவியப் பிரதி உலகப் புகழ் பெற்றது. ஆனால் நாளடைவில் அவருடைய மனம் அக்கலையிலிருந்து விலகிற்று. ஓவியர் பலர் ஆதரவின்றி நின்றனர். விருந்தினராய் வந்த ஹுமாயூனின் கண்களில் பட்டவர்கள் அவர்கள்தாம். படை கேட்க வந்தவர், படையோடு கூடவே கலைஞரையும் கேட்டார். தப்ரீஸ் அவையில் இருந்த மீர் ஸையித் அலீ, ஷீராஸைச் சேர்ந்த குவாஜா அப்துஸ் ஸமத் ஆகிய இருவரையும் தம்மிடம் வருமாறு அழைத்தார். அவ்விருவரும் 1549-இல் காபூலை வந்தடைந்தனர்.

இதைச் சற்று நிதானித்து நோக்குக! அன்றைக்கு ஹுமாயூனுக்குத் தில்லி இல்லை, ஆக்ரா இல்லை. கையில் இருந்தது காபூலும் அதைச் சூழ்ந்த மலைகளுமே. அந்நிலையிலும் அயல்நாட்டுக் கைவல்லுநர் இருவரைச் சம்பளம் கொடுத்து அமர்த்த வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றிற்று என்றால், எது செல்வம் என்பதைக் குறித்து அவருக்கு ஒரு தெளிவு இருந்தது. 1555-இல் தில்லியை மீட்டார். 1556 ஜனவரியில் நூலகப் படிகளில் இடறி விழுந்து மறைந்தார். மீட்ட நாட்டை அவர் ஆண்டது சில மாதங்களே. அவர் அழைத்து வந்த இருவரின் பணியோ ஒரு நூற்றாண்டுக்கு நிழல் தந்தது.

எழுத்து வராத பிள்ளை

காபூலுக்கு வந்த ஆசான்களிடம் ஹுமாயூன் ஒப்படைத்த பணிகளில் ஒன்று, தம் மகனுக்கு வரையக் கற்றுக்கொடுப்பது. அந்த மகனைப் பற்றி அபுல் பஸ்ல் எழுதியிருக்கும் ஒரு செய்தி நம் வீட்டுப் பிள்ளைகளை நினைவூட்டும். ஓதவைக்கும் சடங்குக்காகச் சோதிடர்கள் நல்வேளை குறித்தார்கள், எல்லாரும் கூடிவிட்டார்கள், அந்த வேளையில் பிள்ளையைக் காணவில்லை. விளையாடப் போய்விட்டான்! அதன்பின் ஆசிரியர்கள் மாறினார்கள். எழுத்து மட்டும் அவன் கைக்கு வசப்படவே இல்லை. பேரரசரான பின்னும் நூல்களைப் பிறர் வாசிக்கக் கேட்பதே அவருடைய வழக்கமாயிற்று. எந்தப் பக்கம் வரை வாசிக்கப்பட்டது என்பதற்கு ஓர் அடையாளத்தை மட்டும் தம் கையால் இடுவாராம்.

எழுதுகோலைப் பிடிக்க மறுத்த அந்தக் கைதான் தூரிகையைப் பிடித்தது. தெஹ்ரானின் குலிஸ்தான் அரண்மனை நூலகத்தில் பாதுகாக்கப்படும் ஏட்டுத் தொகுப்பில் அப்துஸ் ஸமத் வரைந்த ஓவியம் ஒன்று உள்ளது. மரத்தோடு இணைத்துக் கட்டிய மேடையில் ஹுமாயூன் அமர்ந்திருக்கிறார். சிறுவன் அக்பர் தந்தையிடம் ஓர் ஓவியத்தை நீட்டுகிறான். சிறுவன் கையிலுள்ள அந்தச் சிறு ஓவியத்தை உற்று நோக்கினால், அதிலும் அதே காட்சி! ஆசான் தம் மாணவனின் பெருமையைத் தந்தையிடம் சொல்லும் முறை இது. பாடத்தில் தேறாத பிள்ளையைப் பற்றி ஓர் ஆசிரியர் எழுதிய இத்துணை அன்பான நற்சான்றை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அப்துஸ் ஸமத் வெறும் ஓவியரல்லர். கசகசா விதை ஒன்றின் மீது இக்லாஸ் அத்தியாயத்தை எழுதியவர் என்று அவரைப் பற்றிய குறிப்பு உண்டு. ‘ஷீரீன் கலம்’, அதாவது இனிய எழுதுகோல் என்பது அவருடைய பட்டம். பின்னாளில் அக்பர் அவரை நாணயச் சாலைக்குப் பொறுப்பாளராகவும், முல்தானின் திவானாகவும் அமர்த்தினார். அயல்நாட்டவர் என்பதற்காக அவருடைய உயர்வுக்கு எல்லை கட்டப்படவில்லை.

ஹம்ஸாவின் கதையும் ஆயிரத்து நானூறு சித்திரங்களும்

பதின்மூன்று வயதில் அரியணை ஏறிய அக்பர், இளமை மாறுமுன் தொடங்கிய மாபெரும் பணி ஹம்ஸா நாமா. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சிறிய தந்தையார் ஹம்ஸா (ரலி) அவர்களின் பெயரைத் தாங்கிய வீரக் கதை அது. பூதங்களும் மாயக் கோட்டைகளும் நிறைந்த அக்கதை ஸீராவைச் சார்ந்ததன்று, கதைசொல்லிகளின் கற்பனை. அந்தக் கற்பனைக்கு 1,400 ஓவியங்கள் தீட்ட ஆணையிடப்பட்டது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 67 சென்டிமீட்டர் உயரமும் 51 சென்டிமீட்டர் அகலமும் உடையதாய், பருத்தித் துணியின் மேல் தீட்டப்பெற்றது. 1560-களிலும் 1570-களிலுமாக ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் வேலை நடந்தது. முதலில் மீர் ஸையித் அலீ மேற்பார்த்தார். அவர் ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட பின் அப்துஸ் ஸமத் பொறுப்பேற்றார்.

இருவர் கையால் முடியும் வேலையா இது? அந்தப் பணிச்சாலைக்கு நாடெங்குமிருந்து ஓவியர்கள் வந்து சேர்ந்தார்கள். பாரசீக முறை நுண்மையானது: மயிரிழைக் கோடு, சிறு ஏடு, அசைவற்ற அமைதி. இம்மண்ணின் ஓவியர் கொண்டு வந்ததோ வேறு: திரண்ட உடல்கள், அடர்ந்த வண்ணம், ஓடும் யானை, சிதறும் நீர். ஆசான்கள் தம் முறையை அவர்கள்மேல் திணித்து நின்றிருந்தால், இந்தியாவில் ஈரானின் நகல் ஒன்று பிறந்திருக்கும். உள்ளூரார் அந்நியன் முறை நமக்கு வேண்டா என்று புறந்தள்ளியிருந்தால் அந்த நுண்மை இங்கே வேர்விட்டிராது. இரண்டும் நேரவில்லை. ஆண்டு செல்லச் செல்ல, எது பாரசீகம், எது இந்தியம் என்று பிரித்தறிய இயலாத மூன்றாவது ஒன்று உருவாயிற்று. அதற்குத்தான் இன்று முகலாய ஓவியம் என்று பெயர்.

அந்த ஆயிரத்து நானூற்றில் இருநூறுக்கும் குறைவானவையே இன்று எஞ்சியுள்ளன. 1881-இல் காஷ்மீரில் சில ஏடுகள் வீட்டுச் சன்னல்களில் குளிர்காற்றைத் தடுக்க ஒட்டப்பட்டிருந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டன. அவை இப்போது இலண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உயிருருவங்களின் முகங்கள் பலவற்றில் சுரண்டப்பட்டிருக்கின்றன. என்னைப் போன்ற ஒருவர் அங்கேயும் இருந்திருக்கிறார்.

சுவரில் வரைந்தவன்

இப்போது அந்தச் சுவருக்கு வருவோம். தஸ்வந்த் என்பவன் பல்லக்குச் சுமப்பவர் ஒருவரின் மகன். வரைவதே அவனுக்கு உயிர். கிடைத்த சுவரிலெல்லாம் உருவங்களைத் தீட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாள் பேரரசரின் பார்வை அவன் மேல் விழுந்தது. அபுல் பஸ்ல் தமது ஆயினே அக்பரியில் இதனைக் குறித்துள்ளார். சுவரைக் கறையாக்கினாய் என்று அரசர் கேட்கவில்லை. யார் மகன் என்பதும் தடையாகவில்லை. சிறுவனை அப்துஸ் ஸமதின் கையில் ஒப்படைத்தார். சில காலத்திலேயே அவன் தன் காலத்து ஓவியர் அனைவரையும் விஞ்சினான் என்கிறார் அபுல் பஸ்ல்.

இங்கே மூவர் கூடியிருப்பதைக் கவனிக்க வேண்டும். கண்டெடுத்தவர் ஓர் அரசர். கற்றுக்கொடுத்தவர் ஓர் அயல்நாட்டு முஸ்லிம். கற்றவன் நாட்டின் அடித்தட்டைச் சேர்ந்த இந்துச் சிறுவன். மொழி வேறு, மதம் வேறு, நிலை வேறு. மகாபாரதத்தைப் பாரசீகத்தில் பெயர்த்து ‘ரஸ்ம் நாமா’ என்று ஓவியங்களோடு எழுதிய பெரும்பணியில், தஸ்வந்தின் கைவண்ணமே முதன்மையாக ஒளிர்கிறது.

அவன் முடிவு துயரமானது. மனநோய் அவனைப் பற்றிற்று. 1584-இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். இதை மறைத்துவிட்டு அவன் புகழை மட்டும் பேசுவது நேர்மையாகாது. திறமையைக் கண்டுகொள்ளக் கண் இருந்த அவைக்கும், நொந்த மனத்தைக் காக்கும் வழி தெரியவில்லை. பிள்ளையின் கையைப் போற்றுவோர் அவன் மனத்தையும் கவனிக்க வேண்டும் என்பது இதிலுள்ள படிப்பினை.

பணிச்சாலையின் நடைமுறையும் அறியத்தக்கது. ஒரே ஏட்டை ஒருவர் கோடிட்டு அமைப்பார். மற்றொருவர் வண்ணந் தீட்டுவார். முகங்களை மட்டும் வேறொருவர் எழுதுவார். ஏட்டின் ஓரத்தில் எழுத்தர் அவரவர் பெயரைச் சிவப்பு மையால் குறித்துவைப்பார். வாரந்தோறும் வேலைகள் பேரரசரின் முன் வைக்கப்பெறும். தரத்திற்கேற்பப் பரிசோ, மாதச் சம்பள உயர்வோ கிடைக்கும். அபுல் பஸ்ல் பதினேழு ஓவியரின் பெயர்களை எழுதிவைத்திருக்கிறார். முதலில் பாரசீகத்து ஆசான்கள் இருவர். அடுத்துத் தஸ்வந்த், பஸாவன். பின்னர் கேசு, லால், முகுந்த், மாதூ, ஜகன், மகேஷ், தாரா, ஹரிபன்ஸ், ராம் என்று பெயர்கள் தொடர்கின்றன. மத்திய ஆசியக் கல்மாக்கு இனத்து பர்ருக் என்பவரும் அவர்களிடையே இருக்கிறார். பெரும்பான்மை இந்துப் பெயர்கள். அயல்நாட்டாரை அமர்த்தினால் உள்ளூராரின் பிழைப்பு போய்விடும் என்ற அச்சம் எக்காலத்திலும் உண்டு. வந்தவர்கள் கற்றுக்கொடுப்பவர்களாக இருந்தால் என்ன நேரும் என்பதற்கு இந்தப் பட்டியலே சான்று.

பதின்மூன்று வயதுக் கை

1580-இல் கோவாவிலிருந்து ஏசு சபைப் பாதிரிமார் பதேபூர் சிக்ரிக்கு வந்தனர். அவர்கள் காணிக்கையாகக் கொண்டு வந்த நூல்களில், ஆண்ட்வெர்ப் நகரில் அச்சான பன்மொழி வேதாகமம் எட்டுத் தொகுதிகளாக இருந்தது. அதன் செதுக்குப் படங்களைத் தம் ஓவியர் பார்த்துப் பயிலுமாறு அக்பர் செய்தார். தம் இளைய மகன் முராதுக்குப் போர்த்துக்கீசிய மொழி கற்பிக்க, அப்பாதிரிமாரில் ஒருவரான மொன்ஸெராத்தையே ஆசிரியராக்கினார். அவர்கள் நாடிவந்த மதமாற்றம் நிகழவில்லை. அவர்களிடமிருந்த கலை மட்டும் இங்கே தங்கிற்று.

அதன் விளைவை 1600-இல் காண்கிறோம். ஹிராத்திலிருந்து வந்து இளவரசர் ஸலீமிடம் பணியேற்ற ஆகா ரிஸா என்ற ஓவியருக்கு அபுல் ஹஸன் என்றொரு மகன். தன் பதின்மூன்றாம் வயதில் அவன் ஒரு மனித உருவத்தை வரைந்து, தன் வயதையும் நாளையும் அதில் எழுதிவைத்தான். ஜெர்மானிய ஓவியர் டூரர் 1511-இல் செதுக்கிய படமொன்றிலிருந்து கற்றது அது. இரு கைகளையும் கோத்து, முகத்தை உயர்த்தித் துயருற்று நிற்கும் உருவம். ஈரானிய வழிவந்த சிறுவன், இந்திய மண்ணில், ஜெர்மானியர் ஒருவரின் கோட்டைப் பின்பற்றி வரைந்த அந்தத் தாள் இன்று ஆக்ஸ்போர்டில் உள்ளது.

ஸலீம் ஜஹாங்கீராகி அரியணையேறிய பின், 1618-இல் அபுல் ஹஸனுக்கு ‘நாதிருஸ் ஸமான்’, காலத்தின் அரும்பொருள் என்ற பட்டத்தை அளித்தார். தந்தையின் வேலையோடு மகனின் வேலையை ஒப்பிடவே இயலாது. மகன் அத்துணை உயர்ந்துவிட்டான் என்று தம் நினைவேட்டில் எழுதினார். அவனை ‘கானாஸாத்’ என்றும் குறித்தார். வீட்டிலேயே பிறந்தவன் என்பது அச்சொல்லின் பொருள். அந்நியராய் வந்தவரின் மகன், ஒரே தலைமுறையில் வீட்டுப்பிள்ளையாகிவிட்டான்.

வாங்கியவர் திருப்பியும் கொடுத்தார்கள். 1613-இல் ஜஹாங்கீர் ஈரானுக்கு அனுப்பிய தூதுக்குழுவில் பிஷன்தாஸ் என்ற ஓவியர் சென்றார். ஷா அப்பாஸின் உருவத்தை நேரில் கண்டு வரைந்தார். 1620-இல் திரும்பிய அவருக்கு யானை ஒன்று பரிசாகக் கிடைத்தது. ஈரானிலிருந்து ஆசான்கள் வந்து அறுபது எழுபது ஆண்டுகளில், ஈரானின் மன்னரை வரைய இந்தியாவிலிருந்து ஓவியர் போகிறார்!

மார்க்கம் சொல்வது என்ன?

இதைப் படிக்கும் அன்பர்களுக்கு ஓர் ஐயம் எழும், எழத்தான் வேண்டும். உயிருருவங்களை வரைவோரை மறுமையில் அவற்றுக்கு உயிர்கொடுக்கச் சொல்லப்படும் என்ற எச்சரிக்கை ஸஹீஹான நபிமொழிகளில் உள்ளது. இமாம்களில் பெரும்பாலோர் அதன்படி தடை வகுத்தனர். நான் அதை மறுக்க முற்படவில்லை. அக்பரின் சமயப் போக்கை நியாயப்படுத்தவும் முற்படவில்லை. பதாயூனீ போன்ற சமகாலத்து அறிஞரே அவரைக் கடுமையாகக் குறை கூறியிருக்கிறார். உயிருருவை வரையும் ஓவியன், தன்னால் அதற்கு உயிரூட்ட முடியவில்லையே என்று உணர்ந்து, உயிர் தரும் இறைவனை நினைக்கிறான் என்று அக்பர் வாதித்ததாக அபுல் பஸ்ல் எழுதுகிறார். அந்த வாதத்தை ஏற்பதும் மறுப்பதும் அறிஞர்களின் வேலை.

நான் கேட்பது வேறு கேள்வி. தடை என்பது ஒன்று. தடையை ஒரு பிள்ளையிடம் கொண்டு செல்லும் முறை என்பது மற்றொன்று. ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளிடையே, துணித்துண்டால் இரு சிறகு தைத்த குதிரை ஒன்று இருந்தது. குதிரைக்குச் சிறகா என்று பெருமானார் (ஸல்) கேட்டார்கள். ஸுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததை நீங்கள் கேட்டதில்லையா என்பது மறுமொழி. பெருமானார் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள் என்று அபூதாவூதில் வருகிறது. கற்பனைக்குக் கிடைத்த மறுமொழி, சிரிப்பு! இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் உருவங்கள் செய்து பிழைக்கும் ஒருவர் வந்தார். எச்சரிக்கையைக் கேட்டு அவர் முகம் வெளிறிற்று. இப்னு அப்பாஸ் அவரை விரட்டவில்லை. மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் செய்து பிழைத்துக்கொள் என்று வழி காட்டினார்கள். ஒரு வாயிலை மூடிய கையாலேயே மற்றொரு வாயிலைத் திறந்தும் விட்டார்கள்.

அயலாரைப் பணிக்கு அமர்த்துவதற்கும் நமக்கு முன்மாதிரி அக்பர் அல்லர். ஹிஜ்ரத்தின் போது பாலைவழி தெரிந்தவர் என்பதற்காக, இஸ்லாத்தில் இல்லாத ஒருவரையே கூலி பேசி வழிகாட்டியாகப் பெருமானார் அமர்த்தினார்கள். 624-இல் பத்ருப் போரில் சிறைப்பட்ட எதிரிகளில் எழுத்தறிந்தவர்கள், மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் விடுதலை என்று தீர்மானிக்கப்பட்டது. முந்திய நாள் வாளேந்தி வந்தவர் கையில் நம் பிள்ளைகளை ஒப்படைத்த நெஞ்சுரம் அது! அவ்வாறு எழுதக் கற்றவர்களில் ஒருவராக இப்னு ஸஅத் குறிப்பிடுவது ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை. பின்னாளில் திருக்குர்ஆனை ஏட்டில் தொகுத்த கை அவர்களுடையது.

என் சுவர்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளிக்கு ஒரு பெயர்ப்பலகை எழுத வேண்டியிருந்தது. அந்தப் பையன், இப்போது மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பஸ்தர், தற்செயலாக அங்கே வந்தார். அரபு எழுத்தைக் கொடிபோல் சுற்றி எழுத உங்களால் முடியுமே என்றேன். அவர் கைகளைப் பார்த்துக்கொண்டு, “அதெல்லாம் நமக்கு வராதுங்க ஹஜ்ரத்” என்றார். மரியாதையோடுதான் சொன்னார். குதிரையை அவர் குறிப்பிடவே இல்லை.

அன்றைக்கு அந்தக் குதிரையை நான் அழிக்கச் சொன்னதைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அழித்த இடத்தில் ஒரு நாணல் எழுதுகோலைக் கொடுத்து, இந்தக் கையால் பிஸ்மில்லாஹ்வை எழுது பார்க்கலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு திராட்சைக் கொடியை, ஒரு பேரீச்சை மரத்தை, ஒரு மினாராவை வரையச் சொல்லியிருக்க வேண்டும். இப்னு அப்பாஸ் (ரலி) காட்டிய வழி என் பாடப்புத்தகத்திலேயே இருந்தது. அதை மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்துக்கொண்டே நான் பிரம்பை எடுத்தேன்.

தஸ்வந்தும் சுவரில்தான் வரைந்தான். அவனுக்கும் என் மாணவருக்கும் இடையே இருந்த வேறுபாடு, அந்தச் சுவருக்கு எதிரே வந்து நின்றவர் யார் என்பதே. நம் இல்லங்களிலும் பள்ளிகளிலும் சுவர்கள் பல உள்ளன, கரித்துண்டுகளும் உள்ளன. இப்போது என் பேரப்பிள்ளை எங்கள் வீட்டுத் திண்ணைச் சுவரில் எதையோ கிறுக்கி வைத்திருக்கிறாள். என்னவென்று கேட்டேன். பறக்கிற தோணி என்றாள். சுண்ணாம்பு வாளியை நான் எடுக்கவில்லை.